நாற்பது தப்படி

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு சொன்னா உன் வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"முத்து உதிராது. பொய் உதிரும்."

"ஒரே ஒரு வார்த்தைடி, அதுவும் அவங்களா கேட்டாத்தான்..."

"மூணு எலும்பு, அக்கா. ஒரு வார்த்தை இல்ல, மூணு எலும்பு. தோள்ல ஒண்ணு, கால்ல ரெண்டு."

"என்னைக் கொஞ்சம் பேச விடறியா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால விட்டேனே! நீ பேசின பேச்சுலதான் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தோம்."

சமையலறை இரண்டு பேர் சண்டை போடப் போதாத அறை. பெரியவள் முக்காலியில் உட்கார்ந்து மடியில் ஆபீஸ் ஃபைலை அணைத்து வைத்திருந்தாள். சின்னவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. அந்த வெங்காயம் யாருக்கு என்ன கெடுதல் செய்ததோ, பலகையில் அப்படி வெட்டுப்பட்டது.

"பத்தரைக்கு வந்துடுவாங்க. எங்க என்ஜினியரும் கூட வர்றார். பேசி வெச்சுட்டு வான்னு என்னை முன்னால அனுப்பியிருக்கார்."

"அதான் காலங்காத்தால தங்கச்சி ஞாபகமா?"

"நாக்கைப் பாரு, நாக்கை. அம்மா உனக்கு வசம்பு தேய்க்காம விட்டுட்டா."

பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து லேத்துக்காரர் குரல் கொடுத்தார். அவர் சின்னவளின் கணவர்; லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். "அண்ணி, வழுக்கினேன்னு சொன்னா சோப்புலயா, தண்ணியிலயான்னு கேப்பாங்களே. ஒரு தடவை ஒத்திகை பாத்துக்கலாமா?"

"நீங்க சும்மா இருங்க!" என்று சகோதரிகள் இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அன்று காலை அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வருகிறவர்கள், வருடா வருடம் ஊர் ஊராகப் போய், சைக்கிளில் பயமில்லாமல் போய்வரத் தகுந்த ஊர் எது என்று பட்டியல் போடுகிறவர்கள். பெரியவள் இந்த ஊரின் நகராட்சியில், சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பட்டியல்காரர்கள் அனுப்பும் நாற்பது பக்கக் கேள்வித்தாளை நிரப்புவது அவள் பொறுப்பு. போன வருடம் ஊர் மூன்றாம் இடத்துக்கு வந்தபோது, நகராட்சி வழவழ தாளில் ஒரு புத்தகம் போட்டது. அட்டையில் லேத்துக்காரர் சைக்கிளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். 'நம் ஊரைத் தேடி வந்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. இந்த வருடம் பட்டியல்காரர்கள் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். அட்டையில் இருக்கிறவரின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். அட்டையில் இருந்தவரோ ஐந்து வாரமாகக் காலில் மாவுக்கட்டோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடி வந்தவர்கள் என்பது மட்டும் உண்மை. மூன்று வருடங்களுக்கு முன்னால், பழைய ஊரில், லேத்திலிருந்து தெறித்த ஓர் இரும்புச் சுருள் அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோனது. லைசென்ஸும் போனது. மோட்டார் சைக்கிளை விற்றார்கள். அவருடைய ஷிப்டுக்குப் பேருந்து கிடையாது. மிச்சம் இருந்தது சைக்கிள். அதை ஓட்ட ஒருவரும் கண்ணைச் சோதிப்பதில்லை. ஆனால் அந்த ஊரில் பட்டறைக்குப் போகும் சாலை லாரிகளின் சாலை. முதல் வாரத்திலேயே இரண்டு முறை பள்ளத்தில் இறங்கி எழுந்து வந்தார். "லாரிக்காரங்க நல்லவங்க, ஹாரன் அடிச்சிட்டுத்தான் தள்ளி விடறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மருந்து அட்டையில் கடுகளவு எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளமாட்டாள். ஊர் தேடுவதையும் அப்படித்தான் செய்தாள். கண் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு ஊராக எடுத்துப் பார்த்தாள். ஓர் ஊரில் பாதை இருந்தது. ஆனால் அது ஏரியைச் சுற்றி மட்டும் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை உடம்பைக் குறைக்க வருகிறவர்களுக்காக. இன்னோர் ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாதை, அந்தப் பக்கம் பாதை, நடுவில் முப்பது படிக்கட்டு. படம் போட்டவர்கள் படியைப் படம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் படங்களை நம்புவதை விட்டாள். அந்தந்த ஊரில் ஒரு பஞ்சர் கடையின் நம்பரைத் தேடிப் பிடித்து, நேராக அவர்களையே கேட்டாள். "உங்க ஊர்ல சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க இருக்காங்களாண்ணே?" பெரிய பரிசெல்லாம் வாங்கிய ஓர் ஊரின் கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருந்தாங்க" என்றார். அந்த ஊரை அவள் அங்கேயே அடித்துவிட்டாள்.

பதினொரு பஞ்சர் கடைகளைக் கேட்டாள். இந்த ஊரில் மட்டும் கேட்கவில்லை. சொந்த அக்கா அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கும்போது பஞ்சர் கடைக்காரனிடம் எதற்குக் கேட்பது? அக்கா சொன்னாள்: "கண்ணை மூடிக்கிட்டு வா." ஒரு கண் ஏற்கெனவே மூடிக்கிடந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு அவளும் வந்தாள்.

அந்தக் கோபத்தில் பாதி அக்காவின்மேல் என்றால், மறுபாதி அவள்மேலேயேதான். தன்மேல் உள்ள பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதையும் சேர்த்து அக்காவின் தலையில்தான் கொட்டினாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன், நேராப் பதில் சொல்லு. பாதையில விபத்து எத்தனைன்னு கேட்டிருக்காங்கல்ல? நீ என்ன எழுதின?"

"அதை இப்ப எதுக்கு..."

"என்ன எழுதின?"

"ஜீரோ."

"அப்ப உள்ள படுத்திருக்கறது யாரு?"

பெரியவள் ஃபைலைத் திறந்தாள். திறந்து மூடினாள். "அவர் விழுந்த இடம் பாதை இல்லடி."

"என்னது?"

"டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாலயே கோடு நின்னுடுது. அதைத் தாண்டித்தான் மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல இருக்கறது மெயின் ரோடு. போலீஸ் எழுதினதும் மெயின் ரோடுன்னுதான். நான் வேற எப்படி எழுத முடியும்?"

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரச் சந்தையின் வளைவில், சைக்கிள் பாதைக்கு நட்டநடுவே, கம்பிவேலி போட்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நிற்கிறது. பாதை போட்டவர்கள் மின்சார ஆபீஸுக்கு எழுதினார்கள். மின்சார ஆபீஸ் திரும்ப எழுதியது. எழுதிக்கொண்டே இருந்தார்கள். இதற்கிடையில் கோடு போடுகிறவர்கள் வந்தார்கள். வேலிவரைக்கும் போட்டு, பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மறுபடி போட்டார்கள். இடைவெளி நாற்பது தப்படி. வேலியை ஒட்டிச் சந்தைக்குச் சரக்கு இறக்கும் வேன்கள் வரிசையாக நிற்கும். சைக்கிளில் வருகிறவர் அந்த நாற்பது தப்படிக்கு வலது பக்கம் ஒடித்து, பெரிய வண்டிகள் திரும்பும் வளைவுக்குள் போய், உயிர் இருந்தால் மறுபடி பாதைக்குள் வரவேண்டும். வலது கண் இல்லாதவர் முழுத் தலையையும் தோளுக்குப் பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒடிக்க முடியும். பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குள் முன்னால் நின்ற வேனின் கதவு திறந்தது.

"அந்த இடத்துல போன வருஷம் மட்டும் பதினாலு பேர் விழுந்திருக்காங்க. சந்தை வாசல்ல பஞ்சர் ஒட்டறாரே, அவர் எண்ணி வெச்சிருக்கார். 'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா'ங்கறார். எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்தது."

"பதினாலும் மெயின் ரோடுதான்."

"ஏன்க்கா, பாதையில போறவன் பாதைக்குள்ளயே இருந்தா எதுக்கு அடிபடப் போறான்? பாதை எங்க இல்லையோ அங்கதான் அடிபடுவான். அதை விட்டுட்டு எண்ணினா எந்த ஊரும் ஜீரோதான்!"

இங்கேதான் பெரியவளுக்கும் கோபம் வந்தது. அதுவரை அவள் கெஞ்ச வந்தவளாகத்தான் இருந்தாள்.

"கள்ளக்கணக்கு எழுதறவ மாதிரிப் பேசாதே. எனக்கு முன்னால இருந்தவன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வரைபடத்தைப் பாத்து நீளம் எழுதினவன். நான் நடந்து அளந்தேன். அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு, வேகாத வெயில்ல, பதினெட்டு கிலோமீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் சக்கரத்தைத் தூக்கிக் கையில பிடிச்சுக்கிட்டேன். நாப்பது தப்படி நடந்தேன். கோடு ஆரம்பிச்ச இடத்துல மறுபடி கீழ வெச்சேன். ஏன்? அங்க பாதை இல்லை. இல்லாத பாதையை இருக்கறதா எழுத எனக்கு மனசு வரலை. என்ஜினியர்கூட, 'முப்பது மீட்டருக்கு எதுக்கும்மா, சேத்துக்கோ'ன்னார். மாட்டேன்னுட்டேன். நீளத்துல சேக்காத இடத்தை விபத்துல மட்டும் எப்படிச் சேப்பேன்? ரெண்டுக்கும் ஒரே நியாயம்தானே?"

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். அக்கா பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். முகத்தைப் பார்த்து 'பொய்' என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பியிருக்கலாம். வெயிலில் நடந்து, சக்கரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, மனசாட்சிக்குப் பயந்து விட்டுவைத்த அந்த இடைவெளிக்குள் பதினாலு பேரும் காணாமல் போய்விட்டார்கள்.

"அக்கா, மாத்திரை அட்டையில தேதி ஓரத்துல இருக்கும். அந்த ஓரத்தைக் கத்திரிச்சிட்டு மிச்சத்தை உன் கையில குடுக்கறேன்னு வெச்சுக்கோ. 'இதுல காலாவதின்னு எங்கயும் போடலை'ன்னு சொல்றேன். நான் சொல்றது பொய்யா?"

"நான் எதையும் கத்திரிக்கலை."

"இல்ல. கத்திரிச்சதைக் கையில வாங்கி, கரெக்டா அளந்து எழுதின."

பெரியவள் வேறு குரலில் பேசினாள். "பதினோரு வருஷம்டி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்தத் தற்காலிக வேலைப் பேப்பரை நீட்டிச்சுக் குடுப்பாங்களான்னு வாசல்ல நிக்கறேன். எனக்குப் பின்னால வந்ததுங்க எல்லாம் நிரந்தரமாயிடுச்சு. இந்த வருஷமும் முதல் மூணுக்குள்ள வந்தா நிரந்தரத்துக்கு என் பேரை அனுப்பறேன்னு என்ஜினியர் வாய்விட்டுச் சொல்லியிருக்கார். ஒரு நாள். ஒரே ஒரு நாள் உன் வாயைக் கட்டு."

"கட்டு பிரிச்சதும் இவர் மறுபடி அந்த வழியாத்தான் பட்டறைக்குப் போகணும். வேற வழி இருந்தா சொல்லு. ஜீரோன்னு எழுதின இடத்துக்கு எவன்க்கா வந்து பாதை போடுவான்?"

கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சைக்கிள் பாதையைப் பார்க்க வந்தவர்கள் காரில்தான் வந்தார்கள்.

பட்டியல்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கான்வாஸ் ஷூவை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். அந்த ஒன்றுக்காகச் சின்னவளுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது. என்ஜினியர் கழற்றாமல் வந்து, இருந்த இரண்டு நாற்காலிகளில் நல்லதில் உட்கார்ந்தார். பெரியவள் கதவோரம் ஃபைலோடு நின்றாள், தங்கை வீட்டிலேயே விருந்தாளியின் விருந்தாளி மாதிரி.

"ஐயோ, அட்டைப்படத்துல பாத்தவரா இப்படி?" என்றாள் அந்தப் பெண். "எப்படி ஆச்சுங்க?"

சின்னவள் வாயைத் திறந்தாள். "சந்தை வளைவுல டிரான்ஸ்ஃபார்..."

"பாத்ரூம்ல," என்றார் லேத்துக்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், அட்டைப்படத்தில் சிரித்த அதே சிரிப்பு. "ஒத்தைக் கண்ணு பாருங்க. சோப்பு கிடந்தது போன கண்ணு பக்கம். சோப்புக்கு அது தெரியுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டாள். என்ஜினியர் தாராளமாகவே சிரித்தார். "பாத்தீங்களா மேடம், ரெண்டு வருஷம் நம்ம பாதையில போயிருக்கார், ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்குள்ள விழுந்துட்டார்!"

இப்போது சின்னவள் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், படுத்திருக்கிற புருஷனை மூன்றாம் மனிதர்கள் முன்னால் பொய்யன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவள்தான். அக்கா வந்து கேட்டதற்குக்கூட அவளால் முடியாது என்று சொல்ல முடிந்தது. இவர் கேட்கவே இல்லை. அவள் கையைப் பிடித்து, அவளையும் சேர்த்துப் பொய்க்குள் இழுத்துப்போட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

"மேடம், நீங்க பாதையைப் பாத்தீங்களா? முழுசா?"

"காலையிலயே பாத்துட்டோங்க. ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும்."

"நடந்தா?"

"கார்லதான். நேரம் இல்லை பாருங்க, இன்னைக்கே இன்னொரு ஊரு."

"கார் பாதைக்குள்ள போகாதே."

"ரோட்டுலேர்ந்து பாத்தாலே தெரியுதே," என்றார் என்ஜினியர். "வெள்ளைக் கோடு பளிச்சுன்னு." பெரியவளின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, பளிச்சுன்னு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

கிளம்பும்போது ஷூவை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "எங்ககிட்ட நிறையப் பேர் கேட்டு எழுதறாங்கங்க. உங்களை மாதிரித்தான், ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம், ஊர் மாறலாமான்னு யோசிக்கறவங்க. பட்டியலைப் பாத்து முடிவு பண்றதைவிட வந்து குடியிருக்கறவங்ககிட்டப் பேசினா அவங்களுக்குத் தைரியமா இருக்கும். உங்க நம்பரைக் குடுக்கலாமா?"

"குடுங்க," என்றாள் சின்னவள். "தாராளமா குடுங்க."

பெரியவளின் கண் ஒரு கணம் அவள்மேல் நின்றது. பிறகு என்ஜினியர் கூப்பிட்டார். படியிறங்கிப் போய்விட்டாள்.

கார் சத்தம் தெரு முனையைத் தாண்டும்வரை சின்னவள் காத்திருந்தாள். அக்கம்பக்கத்தவர்களுக்காக அல்ல; மூச்சு வாங்க.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அண்ணி மூஞ்சியைப் பாத்தேன்மா. பாவமா இருந்தது."

"என் மூஞ்சி தெரியலையா?"

"நாலு மாசம் அவங்க வீட்டுக் கூடத்துல படுத்திருந்தோம். காலையில எழுந்து நம்ம பாயைத் தாண்டித்தான் அவங்க குளிக்கப் போகணும். ஒரு நாள் முகத்தைச் சுளிச்சாங்களா? பட்டறைல ஆளைப் பிடிச்சு எனக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு?"

"அதுக்குத்தான் காலைக் குடுத்தாச்சே. இன்னும் என்ன குடுக்கணும், சொல்லுங்க, எடுத்து வெக்கறேன்."

"உண்மையைச் சொன்னா மட்டும் நாளைக்கே டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"சொல்லாட்டி ஜென்மத்துக்கும் தூக்கமாட்டாங்க."

"விடும்மா. ஆளாளுக்குப் பழியைத் தூக்கிப் போட்டு என்ன பண்ண? நான்தான் பாத்துப் போயிருக்கணும்."

"எந்தக் கண்ணால?"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அவருடைய கண்ணைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. பட்டறைப் பையன்கள் கேலி செய்தபோதுகூட அவர் சிரித்தார், அவள் போய்ச் சண்டை போட்டாள். இப்போது அவளே சொன்னாள். திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் நின்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் எலும்பு சேராத அந்தப் பக்கம் திரும்புவது வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலையணையைச் சரிசெய்யக் கை நீண்டது. அதையும் மடக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். அன்று கடையில் மூன்று பேரிடம் எரிந்து விழுந்தாள். மூன்று பேருமே இருமல் மருந்து கேட்டு வந்தவர்கள்.

ஐந்தாம் நாள், விடுமுறையன்று, பெரியவள் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னவள் கதவைத் திறந்தாள். 'வா' என்று சொல்லவில்லை. பெரியவள் தானே செருப்பைக் கழற்றி, தானே உள்ளே வந்து, தானே உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது இடம்," என்றாள்.

"சந்தோஷம்."

"என் பேரும் மேல போயிடுச்சு. நேத்துதான் கையெழுத்து ஆச்சு."

"சந்தோஷம்."

"ரெண்டு சந்தோஷம் சொல்லிட்ட. ஒண்ணுலயாவது உப்பு போட்டிருக்கலாம்."

உள்ளேயிருந்து லேத்துக்காரர், "அண்ணி, வாழ்த்துகள்!" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து நாட்களாக அந்த வீட்டில் அவர் ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை என்பது வந்தவளுக்குத் தெரியாது. 'தண்ணி', 'மாத்திரை', 'லைட்டைப் போடு'. அவ்வளவுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள், பேச்சு நன்றாக வரும்வரை கைக்கு ஏதாவது வேண்டுமென்பதுபோல. "இங்க பாரு. நான் கல்லு இல்ல. நிரந்தரம் ஆனதும், அந்த வளைவைப் பத்தித் தனியா ஒரு குறிப்பு எழுதி வெக்கறேன். என் கையெழுத்துப் போட்டு. அப்ப என்னை யாரும் தூக்க முடியாது."

"எப்ப ஆகும் நிரந்தரம்?"

"ஆறு மாசம். எட்டு மாசம் ஆகலாம்."

"மாவுக்கட்டு மூணு வாரத்துல பிரிக்கறாங்க."

"அதுவரைக்கும் அந்த இடத்துல மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லேன்."

"எங்க தள்ளறது? வேன் மேலயா?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்க."

"கேள்வித்தாள்ல எனக்கு ஒரு கட்டம்கூட இல்லையேக்கா. வாய்தானே இருக்கு."

போன் அடித்தது. தெரியாத நம்பர். சின்னவள் எடுத்துக் காதில் வைத்தாள். "ஆமாங்க. நான்தான்... ஆமா, பட்டியல் போடறவங்க நம்பர் குடுப்பேன்னு சொன்னாங்க... பரவாயில்லை, சொல்லுங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நின்றுகொண்டிருந்தவள் மெல்ல அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். "நான் வந்து ரெண்டு வருஷம்தாங்க ஆச்சு. அந்தப் பாதையை முழுசா நடந்து, அடி அடியா அளந்தவங்க பக்கத்துலயே இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

பெரியவள் ஆரஞ்சுத் தோல் ஒட்டிய கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசையில் அக்காவின் பக்கமாகத் தள்ளினாள்.

"அளந்தவங்களேவா?" பெண்குரல், நடுவயது, எங்கோ கூட்டமான இடத்தில் நின்று பேசுகிற குரல். "ரொம்ப நல்லதாப் போச்சுங்க. வணக்கம்க்கா. இவங்ககிட்டச் சொன்னதைத் திரும்பச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. எனக்கு ஒரே பொண்ணு. பதினேழு வயசு. பிறவியிலயே காது கேக்காது. உங்க ஊர்லதான் அவளுக்கேத்த காலேஜ் இருக்கு. பஸ்ஸுல போகமாட்டா, எல்லாரும் பாக்கறாங்கங்கறா. சைக்கிள்னா உசிரு. நல்லா ஓட்டுவா. ஆனா பின்னால வர்ற வண்டி அவளுக்குத் தெரியாதுக்கா. ஹாரன் அடிச்சாலும் தெரியாது. இங்க நான் பின்னாலயே ஸ்கூட்டர்ல போவேன். அங்க யார் போவா? அதான் பட்டியலைப் பாத்தேன். விபத்தே இல்லைன்னு போட்டிருக்கு."

பெரியவளின் விரல்கள் பாதி உரித்த பழத்தின்மேல் நின்றுவிட்டன. கதவுப் பக்கம் பார்த்தாள். உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார முடியாதவர் எழுந்து உட்கார முயல்வதுபோல. சின்னவள் நகரவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பாத்துட்டோம்க்கா. நாளைக்குச் சரின்னு சொல்லணும். பாதைக்குள்ளயே போயி, பாதைக்குள்ளயே திரும்பி வந்துட்டாப் போதும், வேற ஒண்ணும் எனக்கு வேணாம். இது ஒண்ணே ஒண்ணுதான் என் சந்தேகம், நீங்களே அளந்தவங்கன்னதால கேக்கறேன்." கூட்டத்தின் சத்தம் அந்தப் பக்கத்தில் ஒருமுறை உயர்ந்து அடங்கியது. "அந்தப் பாதை நடுவுல எங்கயாவது விட்டுப்போகுதாக்கா?"